களத்துமேட்டு விவகாரம்

எய்யா,

நேற்று போனில் நீ கத்தியபோது பக்கத்தில் ஆள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் வாட்ஸப் குரூப்பில் நீ போட்டதைப் படித்தேன். ஊர்ப் பொதுக் களத்தை மெம்பர் வளைத்து வேலி போட்டதைக் கேட்டாயே, அது சரி. கூடவே அவரைத் திருடன் என்றும், அவர் அப்பா காலத்திலிருந்தே ஊர்ச்சொத்தைத் தின்ற குடும்பம் என்றும் எழுதினாயே, அதுதான் இப்போது ஊர் முழுக்கப் பேச்சு. கல் நட்டுக் கம்பிவேலி போட்டதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, டீக்கடையில் "டீச்சர் மகன் இப்படி எழுதலாமா" என்றுதான் கேட்கிறார்கள். மெம்பருக்கு வேறென்ன வேண்டும்?

களம் உனக்குத் தெரியாததா. பிசான அறுப்பு முடிந்தால் சூடடிக்க, பொலி தூற்ற எல்லாத் தெருவுக்கும் அதுதான் இடம். இப்போது மிஷின் அறுக்கிறது, சரி, ஈர நெல்லைக் காயப்போட இடம் வேண்டாமா? இந்த வருஷம் ரோட்டில்தான் காய்ந்தது, பஸ் ஏறி அரைத்தது போக மிச்சத்தை அள்ளினோம். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு மேடை போடுவதும் அங்கேதான். "யாரும் பயன்படுத்தாத இடம்" என்று மெம்பர் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதி வைத்திருக்கிற 'அ' பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். அரசு இணையதளத்தில் சும்மாவே பார்க்கலாம், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற உனக்கு அது தோன்றவில்லை பார். களம் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. மெம்பரோ பட்டா இருக்கிறது என்கிறார். எந்த உத்தரவில் வந்தது என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன், 30 நாளில் பதில் தர வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையிலும் எழுந்து கேட்டேன். மைக்கை அணைத்தார்கள், "பொம்பளைக்கு இது எதுக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தீர்மான நோட்டில் ஏறுகிற வரைக்கும் உட்கார மாட்டேன் என்று நின்றேன், முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள். உன்னால் அங்கே எழுந்து கேட்க முடியாது, ஓட்டை வேளச்சேரிக்கு மாற்றிவிட்டாயே.

குரூப்பில் எழுதினவனை உள்ளே தள்ளுவேன் என்று மெம்பர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதற்கெல்லாம் பயப்படாதே. நெட்டில் எழுதினதற்கே பிடித்து உள்ளே போட்ட அந்த 66ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. வெறும் அவதூறுக்கு ஸ்டேஷனில் நேராக எப்.ஐ.ஆர். போட முடியாது, அவரேதான் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அவர் போனால் நீதானே வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு வர வேண்டும்? களம் புறம்போக்கு என்பதற்குக் காகிதம் இருக்கிறது. அவர் அப்பா தின்றார் என்பதற்கு நீ என்ன வைத்திருக்கிறாய்? வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908-ல் திருநெல்வேலிச் சீமையில் பேசித்தானே ஜெயிலுக்குப் போனார்கள் என்று வசனம் பேசாதே, அவர்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசினார்கள், செத்துப்போன பெரியவரை இழுக்கவில்லை.

திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகிறோம். கீழத்தெருக்காரர்கள் மொத்தமாக வருவதாக இருந்தது, உன் மெசேஜுக்குப் பிறகு பாதிப்பேர் தயங்குகிறார்கள். இன்றைக்கு ராத்திரிக்குள் வசவை எடுத்துவிட்டுப் பதிவேட்டுப் பக்கத்தைப் போடு, போட்டோ அனுப்பியிருக்கிறேன். கேள்வியை மட்டும் அழிக்காதே, யார் சொன்னாலும் சரி. அப்புறம், மெம்பர் உனக்குப் போன் பண்ணினால் அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லி வைத்துவிடு.

அம்மா