'1913-ல் மூழ்கியது': பொது அறிவு நூல் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது அறிவு நூல்கள் தொகுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் பேத்தி வினாடி வினாப் போட்டிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் எது? "ஹாலண்ட் 1. 1901-ல் கட்டப்பட்டது, 1913-ல் மூழ்கியது" என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா, உள்ள இருந்தவங்க எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

உள்ளே ஆளே இல்லை. பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டு, இழுவைப் படகின் பின்னால் கயிற்றில் போய்க்கொண்டிருந்தபோது அடியில் போன கப்பல் அது. நீங்கள் எழுதிய வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் படித்த பிள்ளை மனத்தில் ஒரு பெரிய விபத்து நடந்து முடிந்துவிட்டது.

எந்தப் புத்தகம் என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் இருந்த இன்னொரு புத்தகத்திலும் கிட்டத்தட்ட இதே வரிதான். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீர்மூழ்கி என்று கால் வைத்தது, விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் குர்சுராவில் மட்டும்தான். ஆனால் மூடிய இடத்தில் இன்ஜினோடு இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஹாலண்ட் 1-ன் வடிவம் ஜான் ஃபிலிப் ஹாலண்ட் என்பவருடையது. அயர்லாந்தில் பிறந்து, பள்ளி வாத்தியாராக இருந்து, பிறகு அமெரிக்கா போனவர். அயர்லாந்து விடுதலைக்குப் போராடிய ஃபீனியன்களின் பணத்தில் 1881-லேயே ஒரு நீர்மூழ்கியைக் கட்டி நீரில் இறக்கினார். பிரிட்டிஷ் கப்பல்களை அடிப்பதற்கென்றே கட்டியது அது. இருபது வருடம் கழித்து அதே மனிதரின் வடிவத்துக்கு உரிமம் வாங்கித்தான் பிரிட்டன் தன் முதல் ஐந்து நீர்மூழ்கிகளைக் கட்டியது. வினாடி வினாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா?

பாரோ-இன்-ஃபர்னஸில் வைக்கர்ஸ் நிறுவனம் அதைக் கட்டியது, அதுவும் ரகசியமாக. 'படகுக் கொட்டகை' என்று பேர் போட்ட இடத்தில் வேலை நடந்தது. 1901 அக்டோபர் 2-ம் தேதி விழா எதுவும் இல்லாமல் தண்ணீரில் இறக்கினார்கள்.

நீளம் சுமார் 19.5 மீட்டர், ஆட்கள் எட்டுப் பேர், ஒரே ஒரு டார்பிடோ குழாய். உங்கள் புத்தகங்களுக்கு இந்த எண்கள் பிடிக்கும். எனக்கு உறைத்தது வேறு ஒன்று: மேற்பரப்பில் ஓட அதில் இருந்தது 160 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். டீசல் அல்ல, பெட்ரோல். நாங்கள் காலியான ஒரு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குவதென்றால்கூட முதலில் காற்றைச் சோதிப்போம், அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்குவோம், வாயிலில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவோம். அந்த எட்டுப் பேருக்குத் துணை வெள்ளை எலிகள். நச்சுவாயு கூடினால் எலிதான் முதலில் சுருண்டு விழும். 1903 மார்ச் 3 அன்று கப்பலுக்குள் வெடிவிபத்து நடந்து நான்கு பேர் காயம்பட்டார்கள். அதற்கடுத்து வந்த ஏ வகுப்பிலும் பெட்ரோல்தான். 1905-ல் ஏ5-ல் ஆவி தீப்பிடித்து வெடித்து உயிர்கள் போயின. 1908-ல் நீரில் இறங்கிய டி1 காலத்தில்தான் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் டீசலுக்கு மாறத் தொடங்கின. அத்தனை வருடம் பெட்ரோலோடு எப்படிக் குடித்தனம் நடத்தினார்களோ!

ஹாலண்டின் மூல வடிவத்தில், முங்கியபடியே மேலே பார்க்க உதவும் பெரிஸ்கோப் குழாயும் கிடையாது. எதிரி எங்கே என்று பார்க்க, டால்பின் மாதிரி மேலே வந்து தலைகாட்டி, கோபுரத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மறுபடி முங்க வேண்டும். நீர்மூழ்கிகளுக்குப் பொறுப்பாளராக வந்த கேப்டன் ரெஜினால்ட் பேக்கன் ஒரு பெரிஸ்கோப் பொருத்த வைத்தார். அதில் ஒரு வேடிக்கை: முன்னால் இருக்கும் கப்பல் நேராகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது சாய்ந்து கிடக்கும், பின்னால் வருவது தலைகீழாகத் தெரியும். என் பேத்தி இதைக் கேட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள்.

1904 மார்ச்சில் போர்ட்ஸ்மத் கடலில் ஒத்திகை. ஹாலண்ட் படகுகள் நான்கு போர்க்கப்பல்களைக் கணக்குக்கு 'மூழ்கடித்தன'. நீர்மூழ்கியை விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவர்கள் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியதாயிற்று. அதே ஒத்திகையில், மார்ச் 18 அன்று, ஏ1 நீருக்குள் இருந்தபோது பெர்விக் காசில் என்ற பயணிகள் கப்பல் அதன் மேல் ஏறிப் போனது. பதினொரு பேரும் இறந்தார்கள். பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை ஆட்களோடு இழந்த முதல் நீர்மூழ்கி ஏ1. உங்கள் புத்தகத்தில் அதன் பெயரே இல்லை.

அந்த வருடம் அக்டோபரில் போர் வாசல்வரை வந்தது. ஜப்பானோடு சண்டைக்குப் போய்க்கொண்டிருந்த ரஷ்யக் கப்பற்படை, வட கடலில் டாகர் திட்டுப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படகுகளை ஜப்பானியப் படகுகள் என்று நினைத்துச் சுட்டுவிட்டது. 24-ம் தேதி ஹாலண்ட் படகுகளும் மூன்று ஏ வகுப்புப் படகுகளும் ரஷ்யர்களைத் தாக்கப் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பின. மோதல் நடப்பதற்கு முன்பே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ஹாலண்ட் 1 சண்டைக்கென்று கிளம்பியது அந்த ஒரு தடவைதான். மற்ற காலமெல்லாம் சோதனையும் பயிற்சியும்தான். அதனாலேயே சிலர் அதைத் தோற்ற கப்பல் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்த்து நீ ஏன் பரீட்சை எழுதவில்லை என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

35,000 பவுண்டு செலவில் கட்டியதை 1913-ல் 410 பவுண்டுக்கு விற்றார்கள். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே அது மூழ்கியது. 1981-ல் இருப்பிடம் தெரிந்து, 1982-ல் மேலே தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் துரு வேகமெடுத்தது. கடல் உப்பு இரும்புக்குள் ஊறியிருந்ததால் மேல்பூச்சு எதுவும் பலிக்கவில்லை. 1995-லிருந்து நான்கு வருடம் முழுக் கப்பலையும் சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறப்போட்டு உப்பை வெளியே இழுத்தார்கள். 2001 முதல் கோஸ்போர்ட்டின் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் தனிக் கட்டடத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் அச்சடிக்க வேண்டாம். அந்த வரியை மட்டும் அடுத்த பதிப்பில் இப்படி மாற்றிவிடுங்கள்: 'ஹாலண்ட் 1, பயிற்சி நீர்மூழ்கி, 1901. விற்கப்பட்டு இழுத்துச் செல்லப்படும்போது ஆளில்லாமல் மூழ்கியது, 1913. மீட்கப்பட்டது, 1982.' பக்கத்தின் அடியில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இன்ஜின் ரூம்காரர் ஒருவர்