ஞாயிறு சந்திப்பு: பீங்கானில் அரசியல்

அனைவருக்கும் வணக்கம். நம் முன்னாள் மாணவர் குழுவின் இம்மாதச் சந்திப்பு வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, காணொலி வழியாக. களிமண்ணும் பீங்கானும் எப்படி அரசியல் பேசுகின்றன என்பதுதான் பொருள்.

1. இரண்டு படைப்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று, 1787-இல் ஆங்கிலேய மட்பாண்டத் தயாரிப்பாளர் ஜோசையா வெட்ஜ்வுட் வெளியிட்ட அடிமை ஒழிப்புப் பதக்கம். விலங்கிட்ட மனிதர் மண்டியிட்டிருப்பார். பெண்கள் அதை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். அணிகலனே பிரசாரம்! மற்றொன்று, சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பரப்பிய சுமார் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகள். எல்லாமே கையால் வண்ணம் தீட்டியவை. சீனாவில் தலைவர் மாவோவைச் சூரியனாகவும் மக்களைச் சூரியகாந்தியாகவும் வரைந்த காலத்தை மனதில் வைத்துப் பாருங்கள். (முதலில் பார்வையாளர்களை விதைகள் மேலே நடக்க விட்டார்கள். பீங்கான் தூசி கிளம்பவே சில நாட்களில் தடுத்துவிட்டார்கள்.)

2. உங்களுக்குப் பிடித்த பீங்கான் படைப்பின் படம் ஒன்றை வெள்ளி இரவுக்குள் இங்கே அனுப்புங்கள். ஒன்றே ஒன்று! போன முறை போல 40 படம் வேண்டாம்.

3. பேச விரும்புவோர் ‘பேசுகிறேன்’ என்று பதிலிடுங்கள். ஆளுக்கு 5 நிமிடம்.

4. வர இயலாதவர்களும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இணைப்பு ஞாயிறு காலை வரும்.