மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மேல போட்ட பழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பத்தி வந்த கட்டுரையில "பைத்தியம் பிடிச்ச ராஜா அமெரிக்காவை கோட்டை விட்டார்"னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கேக்கல சார். அமெரிக்கா சுதந்திரம்னு அறிவிச்சது 1776, பாரிஸ்ல ஒப்பந்தம் போட்டு கைவிட்டது 1783, இவருக்கு புத்தி தடுமாறினது 1788 கடைசியில தான். அப்புறமா வந்த நோயை முன்னாடி நடந்த தோல்விக்கு காரணம் சொன்னா எப்படி? அமெரிக்கா விஷயத்துல அவர் பிடிவாதமா இருந்தாரு, அது தப்புதான், ஆனா அது தெளிவான புத்தியோட பிடிச்ச பிடிவாதம். அமெரிக்கர்கள் எதிர்த்த வரியை போட்டதும் பார்லிமென்ட் தானே.

1788ல அந்த மனுஷன் பட்ட பாட்டுக்கு ஒரு பாராவாவது ஒதுக்கியிருக்கலாம். தூக்கமே இல்லாம தொண்டை கட்டுற வரைக்கும் மணிக்கணக்கா பேசிக்கிட்டே இருந்திருக்காரு, டாக்டருங்க கெட்ட நீர் வெளிய வரணும்னு காலில் கொப்புளம் கிளம்ப மருந்து பூசினாங்க, வாந்திக்கு மருந்து குடுத்தாங்க, அப்புறம் பிரான்சிஸ் வில்லிஸ்னு ஒருத்தர் வந்து, சொன்னபடி கேக்கலன்னா கைய சேர்த்து கட்டுற சட்டைய மாட்டி நாற்காலியோட கட்டி வச்சாரு, நாட்டோட ராஜாவை! அந்த நாற்காலிய தன்னோட முடிசூட்டு நாற்காலின்னு அவரே சொன்னாராம், அதை படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. இந்தப் பக்கம் பார்லிமென்ட்ல ராஜாவுக்கு பதிலா மூத்த மகன் இளவரசருக்கு அதிகாரம் குடுக்கணும்னு எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸ் ஒரு பக்கம், அவசரப்படாதீங்கன்னு பிரதமர் பிட் ஒரு பக்கம். அதுக்கான மசோதா நிறைவேறுறதுக்குள்ள, 1789 பிப்ரவரியில அவர் தேறிட்டாரு, ஏப்ரல்ல லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துல நன்றி வழிபாடே நடந்துச்சு.

இன்னொண்ணு, அவருக்கு வந்த நோய் போர்ஃபிரியாங்கற பரம்பரை ரத்த நோய் தான்னு அடிச்சு சொல்லியிருக்கீங்க. அது 1960கள்ல மெக்கால்பைன், ஹண்டர்னு ரெண்டு மனநல டாக்டருங்க சொன்னது. அவர் எழுதின கடிதங்களையும் டாக்டருங்க குறிப்புகளையும் திரும்ப ஆராய்ஞ்ச பல பேர் இப்ப அதை ஏத்துக்கல, இது மேனியான்னு சொல்ற மனநல நோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு சொல்றாங்க.

1760லேருந்து 1820 வரைக்கும் ராஜாவா இருந்தவரு, 1801லயும் 1804லயும் நோய் வந்து போச்சு, செல்ல மகள் அமேலியா 1810ல இறந்த சமயத்துல விழுந்தவரு தான் திரும்ப எழுந்திருக்கல, 1811ல மகன் பொறுப்பு எடுத்துக்கிட்டாரு. மொத்தம் ஏறக்குறைய அறுபது வருஷ ஆட்சியில பெரும்பகுதி அவர் நல்லா இருந்து நடத்தினது. தயவுசெஞ்சு அடுத்த இதழ்ல அந்த வருஷக் கணக்குக்கு ஒரு திருத்தம் போடுங்க, தலைப்புல இருந்த "பைத்தியம்"ங்கற வார்த்தைக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி, திருச்சி