ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த உங்களுக்கு

போனில் கத்திப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. அன்று பக்கத்து இருக்கைப் பெரியவர் அரை மணி நேரமாக "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருந்தார். முந்தின இரவு முழுக்கத் தூக்கமில்லை எனக்கு. மெதுவாகப் பேசச் சொல்லிக் கடிந்துகொள்ள வாய் திறந்தேன். அதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அவர் முன்னால் குனிந்து, உங்கள் வாய் அவர் கண்ணுக்குத் தெரியும்படி நின்றீர்கள். கத்தவில்லை, நிதானமாகத்தான் பேசினீர்கள். அவர் போனை வாங்கி ஒலியளவைக் கூட்டிக் கொடுத்தீர்கள். மறுமுனையில் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் காட்டினீர்கள்: "நாளைக்கு வர்றேன்." அதைப் படித்தபோது அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. அப்புறம் அவர் குரல் தானாகவே தணிந்தது.

என்னிடம் ஒன்று சொன்னீர்கள்: "அவருக்குத் தன் குரலே சரியாகக் கேட்காதுங்க. அதான் கத்துறார்."

வயதாகும்போது 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் நழுவுமாம், குரல் கேட்டாலும் சொல் பிடிபடாதாம். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். என் அப்பாவும் இரண்டு வருடமாக டிவியை அலறவிடுகிறார். அதற்காக எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்! போன வாரம் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். இதைப் படித்தால், மனசார நன்றிங்க.