மணி அடித்ததும் எழுந்து போனவர்களுக்கு

நியூசிலாந்தில் அழியவிருந்த காகாபோ கிளியைக் காப்பாற்றி வைத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நியூசிலாந்தில் இருப்பவர்களுக்குத் தமிழில் நன்றி மடல் எழுதினால் யார் படிப்பார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். சரிதான். ஆனால் எனக்கு நன்றி தமிழில்தான் வருகிறது. நீங்கள் செய்தது என்னவென்று நம்ம ஆட்களுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே.

முதலில் கூடாரத்தில் படுத்துக் கிடந்த தன்னார்வலர்களுக்கு. காகாபோ பறக்காத கிளி, உலகத்திலேயே எடை அதிகமான கிளியும் அதுதான், நன்றாகத் தின்ற ஆண் 4 கிலோ வரை வரும். கூடு தரையில், ஏதாவது வேரடிப் பொந்தில். அப்பன்காரன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டான், தாய் ஒருத்திதான் இரவில் முட்டையை விட்டுவிட்டு இரை தேடப் போகவேண்டும், அந்த நேரத்தில் ஓர் எலி வந்தால் போச்சு. அதனால் கூட்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கூடாரம் போட்டு, கேமராவில் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, தாய் வெளியே போனாள் என்று மணி அடித்ததும் குளிரிலும் மழையிலும் எழுந்து போய், முட்டை ஆறிவிடாமல் ஒரு சூட்டு மெத்தையால் மூடி, அவள் திரும்பி வருவதற்குள் சத்தமில்லாமல் மெத்தையை எடுத்துக்கொண்டு வந்தீர்களே, அதுவும் சம்பளம் இல்லாமல்! எங்கள் வீட்டில் நடுராத்திரி குழந்தை அழுதால் "நீ போ, நீ போ" என்று ஒருவரையொருவர் தள்ளிவிடுவோம்.

அப்புறம், தீவுகளில் தீவனம் சுமந்தவர்களுக்கு. ரிமு என்னும் அந்த நாட்டுக் காட்டு மரம் அமோகமாகக் காய்க்கும் ஆண்டில்தான், அதாவது 2 முதல் 4 ஆண்டுக்கு ஒருமுறைதான், இந்தக் கிளி முட்டையிடும். நல்ல சாப்பாடு போட்டால் இனம் பெருகும் என்று தாராளமாகப் போட்டீர்கள், பார்த்தால் கொழுத்த தாய்களுக்கு ஆண் குஞ்சுகளாகவே அதிகம் பொரிந்தன. தேவைப்பட்டதோ பெண்! அதை மூடி மறைக்காமல் கணக்கெடுத்து, ஊரறிய எழுதி, ஒவ்வொரு தாயின் எடையையும் பார்த்துத் தீவனத்தை அளந்து போட ஆரம்பித்தீர்கள். எனக்கு உங்கள்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

ரிச்சர்ட் ஹென்றிக்கும் ஒரு நன்றி, அவர் இன்று உயிரோடு இல்லாவிட்டாலும். 1890களில் ரெசல்யூஷன் தீவுக்குக் காவலராகப் போய், வாய்க்கூடு மாட்டிய நாயை வைத்துக் காகாபோக்களைத் தேடிப் பிடித்து, படகில் ஏற்றி நூற்றுக்கணக்கில் அங்கே கொண்டுபோய் விட்டவர். 1900இல் ஸ்டோட் என்னும் கீரி மாதிரியான பிராணி கடலை நீந்தி அந்தத் தீவுக்கும் வந்துவிட்டது. முயலை ஒழிக்கவென்று மனிதர்களே கப்பலில் கொண்டுவந்து விட்டதுதான் அது. ஆபத்து என்றால் காகாபோ ஓடாது, அப்படியே உறைந்து நிற்கும். பார்வையால் தேடும் கழுகை அப்படி ஏமாற்றலாம், மோப்பம் பிடிக்கும் ஸ்டோட்டை ஏமாற்ற முடியுமா? அத்தனை வருட உழைப்பும் வீண். பின்னால் 1975இல் ஃபியோர்ட்லாந்து மலையில் பிடிபட்ட ஓர் ஆண் கிளிக்கு அவர் பெயரையே வைத்தீர்கள். 1998இல் அதற்கு மூன்று குஞ்சுகள். அந்த வட்டாரத்து ரத்தம் இன்று மிச்சமிருப்பது அதன் வழியாகத்தான்.

2019ஐயும் விடமுடியாது. 70க்கும் மேல் குஞ்சுகள் தேறிய சாதனை வருடம், அதே வருடம் பூஞ்சை நோய் நுரையீரலில் புகுந்து 9 பறவைகளைக் கொண்டுபோனது. நோய்ப்பட்டவற்றை வான்வழியே ஆக்லாந்து மிருகக்காட்சிசாலை வரை கொண்டுபோய், ஸ்கேன் எடுத்து, மாதக்கணக்கில் மருந்தை ஆவியாக மூச்சில் கொடுத்த கால்நடை மருத்துவர்களே, உங்களுக்கும் கும்பிடு. 1995இல் 51ஆக இருந்தது 2022இல் 252 ஆனது உங்களாலும்தான்.

இந்தப் பறவைகளைத் தம் செல்வமாக எண்ணும் ஙாய் தாஹு குலத்தாருக்கும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒரு பிரிவினர் அவர்கள், நன்றி. 2023இல் அவர்களும் நீங்களும் சேர்ந்து நான்கு ஆண் கிளிகளை மவுங்கடௌதாரி மலையில், வேலி போட்ட பெரிய காட்டுக்குள் விட்டீர்கள், ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு பெருநிலத்தில் காகாபோ. சில கிளிகளோ வேலியைத் தாண்டி வெளியே வந்து நின்றன! பறக்கத்தான் தெரியாது, ஏறுவதில் கில்லாடிகள். முதுகில் கட்டிய டிரான்ஸ்மிட்டர் சமிக்ஞையைக் கேட்டுக்கேட்டு அவற்றைத் தேடி நடந்து, கையில் கடியும் வாங்கி, திரும்பத் தூக்கிவந்தவர் யாரோ, அவருக்குத் தனியாக ஒரு நன்றி.