பெட்டியில் அச்சிட்ட எண்ணும் காதில் பொருந்தும் ரப்பரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து இயர்போன் விளம்பரங்கள் அரைப்பக்கமும் முழுப்பக்கமுமாகத் தங்கள் நாளிதழில் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நிறுவனம் ‘40 டெசிபல் வரை இரைச்சல் நீக்கம்’ என்றால் அடுத்தது 50 என்று ஏலம் கேட்கிறது. அந்த எண்ணை நம்பி வாங்கிச் சிரமப்பட்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் குரோம்பேட்டையிலிருந்து கோட்டைக்கு மின்சார ரயிலில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்த நேரம் முழுவதும் கச்சேரி கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். ரயில் பல்லாவரம் தாண்டுவதற்குள் இடது காது வலிக்கத் தொடங்கியது. வலி ஒருபுறம் இருக்க, மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் கணீரென்று கேட்டனவே தவிர, இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த நாதம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கருவியில்தான் பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றால், பிரித்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை என்று கூறிவிட்டார்கள்.

உண்மையில் கருவியில் பழுதே இல்லை. என் இடது காதுத் துளை வலது காதுத் துளையைவிடச் சிறியது என்பது ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கே தெரியாத செய்தி. கருவியோடு பொருத்தப்பட்டு வந்த நடுத்தர அளவு ரப்பர், இடப்புறம் உள்ளே செல்லாமல் விளிம்பிலேயே நின்று அழுத்தியதோடு, ஓரத்தில் சந்தும் விட்டிருந்தது. சந்து இருந்தால் பாட்டின் தாழ்ந்த சுருதி ஒலி வெளியே கசிந்துவிடும், வெளியிலுள்ள இரைச்சல் உள்ளே புகுந்துவிடும். பெட்டியில் கூடவே வைத்திருந்த சிறிய ரப்பரை இடப்புறத்துக்கு மட்டும் மாற்றினேன். மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாகச் சற்று இழுத்துக்கொண்டு செருகினேன். கும்கி திரும்பி வந்தது, வலியும் நின்றது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு ரப்பர்தான் போட வேண்டும் என்று யாரும் விதி செய்யவில்லை. நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

மின்னணு முறையில் இரைச்சலை நீக்குவது ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. வெளிச்சத்தத்தைச் சிறு மைக்குகள் பிடிக்க, அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி உண்டாக்கி, ஒன்றை மற்றொன்றால் அடக்குகிறது. 1978-ல் ஒரு விமானப் பயணத்தில், எஞ்சின் இரைச்சலை மீறி ஹெட்போனில் இசையை ரசிக்க முடியாமல் போனபோதுதான் ‘போஸ்’ ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் இதில் இறங்கினார் என்பார்கள். 1989-ல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் போல ஒரே சீராக முழங்கும் தாழ்ந்த ஒலியை அடக்குவதில்தான் இந்த முறை இன்றும் கைதேர்ந்தது. ரயிலின் உறுமலும் ஏசியின் ரீங்காரமும் அப்படிப்பட்டவை. ஆனால் சமோசா விற்பவரின் குரலோ, பக்கத்து இருக்கைக்காரர் ஊருக்கே கேட்கும்படி ஓடவிடும் வீடியோவோ இந்த முறைக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. அவற்றைத் தடுப்பது காதை அடைத்து நிற்கும் ரப்பர்தான். விளம்பரத்தில் உள்ள எண் பெரும்பாலும் ஏதோ ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவு என்பதால், ‘வரை’ என்ற சிறு சொல்லை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நல்லது.

இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் அன்று. வெளி இரைச்சல் உள்ளே வந்தால் கை தானாக வால்யூமைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதே 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்லும் என் கணக்கு 9 மணி நேரம். பொருந்தாத ரப்பரோடு தாம்பரம் ரயிலில் கேட்டிருந்தால் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காது அடைத்தாற்போல் இருப்பதும், தம் குரலே உள்ளுக்குள் முழங்குவதும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் காதை மூடும் பெரிய ஹெட்போனுக்குப் போகலாம். சென்னை மே மாதத்து வியர்வையில் அதை எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்பது வேறு கேள்வி. அழுத்தினால் சுருங்கிக் காதுக்குள் விரியும் நுரைப்பஞ்சு முனைகள் நன்றாகவே அடைக்கின்றன, ஆனால் விரைவில் அழுக்கேறித் தளர்ந்துவிடுகின்றன. எதுவானாலும், தண்டவாளத்தையோ சாலையையோ கடக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

செருப்பு வாங்கும்போது போட்டு நடந்து பார்க்கிறோம். காதுக்குள் செல்லும் பொருளைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வாங்கச் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரியை எல்லா அளவு ரப்பர்களோடும் வைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுத்து, பத்து நிமிடமாவது அணிந்து பார்க்க விட வேண்டும். நிறுவனங்கள் ரப்பர்களைத் தனியாகவும் விற்க வேண்டும். சென்ற மாதம் பூங்கா நிலைய நடைமேடையில் என் இடப்பக்க ரப்பர் கழன்று விழுந்துவிட்டது. ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கிய பிறகு, எந்த மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஆறு ஜோடி கொண்ட ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்கள். அதில் ஒன்றுகூட என் இடது காதில் நிற்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை.