எவன் சொன்னா என்ன?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டுவிட்டு வருகிறது. சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். என்ன படிக்கிறான் என்று கேட்காதே, நீ அன்றைக்குச் சொன்னதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணபதியோடு எனக்குப் பெரிய சண்டை. எங்கள் படிப்பக வாசலில் இருக்கும் கரும்பலகையில் தினமும் ஒரு நாடக வசனம் எழுதிப் போடுகிறோம். ட்யூஷனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் அவன் முறை. ‘உனக்கு நீ உண்மையாக இரு - ஷேக்ஸ்பியர்’ என்று எழுதினான். நான் சாக்பீஸை வாங்கி, ‘ஹாம்லெட் நாடகத்தில், மகனை வழியனுப்பும்போது போலோனியஸ் சொன்னது’ என்று கீழே சேர்த்தேன். “வரி நல்லா இருக்கா இல்லையா? எவன் சொன்னா என்ன?” என்று குதித்தான். பொன்னையா சார் வகுப்பிலும் இப்படித்தானே!

எவன் சொன்னான் என்பதில்தானடா எல்லாமே இருக்கிறது. மகனுக்கு அவ்வளவு அருமையாக உபதேசம் பண்ணிய அதே அப்பா, இரண்டாம் அங்கம் தொடங்கியதுமே வேலைக்காரன் ரெய்னால்டோவை பாரிசுக்கு அனுப்பி மகனை வேவு பார்க்கச் சொல்கிறார். அவன் சூதாடுவான், குடிப்பான், வம்புக்குப் போவான் என்று நீயே நாலு பேரிடம் அவிழ்த்துவிடு, உண்மை தானாக வெளியே வரும் என்கிறார். நடுவில், என்ன சொல்ல வந்தேன் என்று அவனிடமே கேட்கிறார்! இது தெரிந்தபின் அந்த வரி கெட்டுப்போகவில்லை. அதைச் சொன்ன அப்பனையும் சேர்த்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் வில்லன் இயாகோவை எடுத்துக்கொள். குடித்துச் சண்டை போட்டுப் பதவி இழந்த காசியோ, பெயர் போயிற்றே என்று புலம்புகிறான். பெயராவது மண்ணாவது, தகுதி இல்லாமலும் வரும், தப்புப் பண்ணாமலும் போகும் என்று தேற்றுகிறான் இயாகோ. அதே வாயால் ஒத்தெல்லோவிடம், ‘என் பணப்பையைத் திருடியவன் குப்பையைத் திருடினான், என் நற்பெயரைத் திருடியவன் என்னை ஏழையாக்கிவிட்டான்’ என்கிறான். இதை மட்டும் மொட்டையாகப் போட்டால் பிள்ளைகள் அவனைப் பெரிய ஞானி என்றுதான் நினைப்பார்கள்.

நேற்று என் முறை. வாழ்க்கை ஒரு மடையன் சொல்லும் கதை என்ற வரியை எழுதி, ‘மனைவி இறந்த செய்தி கேட்டு மேக்பெத் சொன்னது’ என்று போட்டேன். ப்ளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி எழுதி முடித்துவிட்டு, “அவன் அழவே இல்லையா சார்?” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கோட்டையை நோக்கிப் படை வருகிறது, மனைவி போய்விட்டாள், அழக்கூட அவனுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று ஷேக்ஸ்பியரே சொல்லிவிட்டார் என, பரீட்சை நேரத்தில் ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு போனால்? அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே உண்டு.

அப்புறம், பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ உன்னிடம் இருந்ததே? ஹாம்லெட்டைத்தான் அப்படித் தமிழாக்கினார். 1891-ல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, மேடையிலேயே வாழ்ந்த மனிதர். அந்த அப்பாவின் உபதேசம் அவர் கையில் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. கணபதி கையாலேயே பலகையில் எழுத வைக்கிறேன், பாத்திரத்தின் பெயரோடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராஜு